நெல்லிக்காய்க்கு எத்தனை மதிப்பெண்?

ஊதா நிறக் கரைசல் உள்ள சோதனைக்குழாயில் சில துளி நெல்லிச் சாற்றை விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்து எடுத்தால், கரைசல் வெளிர் மஞ்சளாக மாறியிருக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் உயிர்வேதியியலோ உணவு அறிவியலோ முதுநிலை படித்தவர்களில் பலர் இந்த நிறமாற்றத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் ஒன்று இருந்தால் போதும். ஊதா எவ்வளவு வெளுத்தது என்பதை அது எண்ணாகத் தரும். அந்த எண் ஆய்வேட்டில் ஏறுகிறது. சில காலம் கழித்து ஏதோ ஒரு சத்துமாவுப் பாக்கெட்டின் மேல் ‘ஆன்டி-ஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற வரியாக நம் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

சோதனைக்குழாய்க்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. அந்த எண் பொய் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கரைப்பானில், அந்த மூலக்கூறோடு, அத்தனை நிமிடத்தில் கிடைத்த விடை அது. அதை நெல்லிக்காயின் நிலையான குணம் என்றும், அதைத் தின்றவர் உடம்புக்குக் கிடைக்கும் பலன் என்றும் படிக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது.

ஊதாக் கரைசலுக்குள் இருப்பது ஒரு ‘தனி உறுப்பு’. எலக்ட்ரான்கள் பொதுவாக இணை இணையாக இருக்கும். இணை இழந்த ஓர் எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு, பக்கத்தில் உள்ளதிடமிருந்து ஒன்றைப் பறிக்கத் துடிக்கும். அதனால் தனி உறுப்புகள் கண நேரம்கூட நிலைப்பதில்லை என்றே வேதியியலாளர்கள் ஒருகாலத்தில் நம்பினார்கள். 1900இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க், நிலைத்து நிற்கும் தனி உறுப்பு ஒன்றைக் கண்டு சொன்னபோது அதை ஏற்கப் பலர் தயங்கினார்கள். 1922இல் கோல்ட்ஷ்மிட், ரென் என்ற இருவர் இன்னொன்றை உருவாக்கினார்கள். அதுதான் டைபினைல் பிக்ரைல் ஹைட்ரசில்; ஆய்வகங்களில் எல்லோரும் டி.பி.பி.எச். என்று சுருக்கிச் சொல்லும் பொருள். குப்பியில் பொடியாக வைத்திருக்கலாம். மெத்தனாலில் கரைத்தால் அடர் ஊதா. யாராவது ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டால் அதன் பசி தீர்ந்து மஞ்சளாகும். 1958இல் மார்ஸ்டன் புளோயிஸ் இதையே அளவுகோலாக்கலாம் என்று ‘நேச்சர்’ இதழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதினார். 517 நானோமீட்டர் அலைநீளத்தில் நிறம் குறைவதைப் பார்த்தால், அந்தப் பொருள் எவ்வளவு ஹைட்ரஜன் கொடுக்கிறது என்று தெரிந்துவிடும். எளிமை, மலிவு, வேகம் மூன்றும் சேர்ந்து அந்த முறையை உலகெங்கும் கொண்டுபோயின.

ஆனால் நம் உடம்பில் டி.பி.பி.எச். கிடையாது. உயிரணுக்களில் உண்டாகும் தனி உறுப்புகள் அளவில் சிறியவை, ஆயுள் மிகக் குறைந்தவை. டி.பி.பி.எச். பெருத்த மூலக்கூறு, தனி எலக்ட்ரான் அதன் நடுவில், வளையங்களுக்குள் ஒளிந்திருக்கிறது. சின்ன மூலக்கூறுகள் எளிதாக உள்ளே போய்த் தொடும். பெரிய டானின்கள் கதவிலேயே சிக்கித் திணறும். திறன் குறைவு என்று அங்கே நாம் எழுதிவைப்பது, உண்மையில் இடம் போதாமையாக இருக்கலாம்.

இன்னொரு சிக்கல் நிறத்திலேயே இருக்கிறது. கருப்புக் கவுனி அரிசியின் ஆந்தோசயனினும் நாவல்பழத்தின் நிறமியும் அமிலக் கரைசலில் 520 நானோமீட்டருக்குப் பக்கத்தில்தான் ஒளியை உறிஞ்சுகின்றன. பீட்ரூட்டின் சிவப்பும் அதைவிட்டு வெகுதூரம் போவதில்லை. டி.பி.பி.எச். வெளுத்தாலும் சாற்றின் சொந்த நிறம் அதே இடத்தில் நிற்கும். கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. சாற்றை மட்டும் தனியே அளந்து கழிக்க வேண்டும். கழித்தோமா இல்லையா என்பதைச் சொல்லாமல் விடும் கட்டுரைகளில், நிறமுள்ள உணவுகளுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை நான் நம்புவதில்லை.

டி.பி.பி.எச். தவிர வேறு அளவுகோல்களும் பல. நீலப்பச்சை நிறத் தனி உறுப்பை வைத்து 734 நானோமீட்டரில் பார்க்கும் ஏ.பி.டி.எஸ். முறை ஒன்று. ஹாங்காங்கில் ஐரிஸ் பென்சியும் ஸ்ட்ரெயினும் 1996இல் வெளியிட்ட ‘ஃப்ராப்’ முறையில் தனி உறுப்பே கிடையாது. இரும்பின் ஃபெரிக் அயனிக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்து அதை ஃபெரஸ் ஆக்குகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆக்கினால் அடர் நீலம் தோன்றும். இந்த வினை நடப்பது பி.எச். 3.6 என்ற புளித்த சூழலில். நம் ரத்தத்தின் பி.எச். 7.4. உயிரணுவுக்குள் பெரிய வேலை செய்யும் குளூட்டாதயோனுக்கு ஃப்ராப் ஏறக்குறைய ஒன்றும் கொடுப்பதில்லை. சில பாலிஃபீனால்கள் மணிக்கணக்கில் மெல்ல வினைபுரிபவை. நான்கு நிமிடத்தில் கணக்கை முடித்தால் அவை பாதியில் நிற்கும்.

‘ஓராக்’ முறையின் எண்ணம் இவற்றைவிட உடம்புக்கு நெருக்கமானது. 37 டிகிரி வெப்பத்தில் பெராக்சில் என்ற தனி உறுப்பு தொடர்ந்து உண்டாகிக்கொண்டே இருக்கும். அது ஒளிரும் சாயம் ஒன்றைத் தின்று அணைக்கும். உணவுச் சாறு உள்ளே இருந்தால் ஒளி எவ்வளவு நேரம் கூடுதலாக நிலைக்கிறது என்று கோடு வரைந்து, கோட்டுக்குக் கீழ் உள்ள பரப்பைக் கணக்கிடுவார்கள். 1993இல் குவோஹுவா சாவோ குழுவினர் முன்வைத்த இந்த முறையை 2001இல் ஃபுளோரசீன் சாயத்தோடு சீர்படுத்தினார்கள். விடையை ‘டிரோலாக்ஸ் சமன்’ என்று எழுதுவது வழக்கம். வைட்டமின் ஈயை நீரில் கரையும்படி மாற்றிச் செய்த பொருள்தான் டிரோலாக்ஸ்.

ஒரே பழத்தை நான்கு முறையிலும் அளந்தால் நான்கு எண் வரும். அது மட்டுமென்றால் கிலோவையும் பவுண்டையும் போல மாற்றிக்கொள்ளலாம். வரிசையும் மாறுகிறது என்பதுதான் சிக்கல். ஒரு முறையில் முதலில் நிற்கும் உணவு இன்னொன்றில் மூன்றாவதாக நிற்கும். ஹைட்ரஜன் கொடுப்பதும் எலக்ட்ரான் கொடுப்பதும் தொடர்புள்ள வேலைகள், ஆனாலும் ஒரே வேலை அல்ல.

முறைகளைப் பற்றி இவ்வளவு விவாதம் நடக்கிறது. எண்ணின் பெரும்பகுதியை முடிவுசெய்யும் இடமோ அதற்கு முன்னால், சாறு இறக்கும் மேசையில் இருக்கிறது. வாழைப்பூவை ஆய்ந்து மோர் கலந்த நீரில் போடுவது ஏன் என்று வீட்டில் சமைப்பவர்களுக்குத் தெரியும்: போடாவிட்டால் கறுத்துவிடும். கத்தி பட்டதும் தாவரத்தின் நொதி வெளியே வந்து பாலிஃபீனால்களை ஆக்சிஜனோடு சேர்த்துப் பழுப்பாக்குகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்குகிறது. ஆய்வகத்தில் கீரையைப் பறித்து, பையில் கட்டி, மேசையில் இரண்டு மணி நேரம் விட்டு, பிறகு வெயிலில் உலர்த்திப் பொடித்தால், நாம் அளக்க வந்த பொருளில் ஒரு பங்கு அளக்கும் முன்பே தீர்ந்துபோயிருக்கும். திரவ நைட்ரஜனில் உடனே உறையவைப்பது இதற்காகத்தான். பல கல்லூரிகளில் அந்த வசதி இல்லை. இல்லை என்பது குற்றமல்ல. எப்படி உலர்த்தினோம் என்பதை எழுதாமல் விடுவது குற்றம்.

அடுத்தது கரைப்பான். மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் ஊறவைத்து அளந்தால் மஞ்சள் ஏழை உணவாகிவிடும், எத்தனாலில் அளந்தால் செல்வந்தன். தக்காளியின் லைகோபீன் மெத்தனாலுக்கும் எளிதில் இறங்காது. தானியங்களின் கதை இன்னும் ஆழமானது. கோதுமை, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றின் தவிட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலம் நார்ச்சுவரோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருக்கிறது. மெத்தனாலில் எத்தனை முறை அலசினாலும் அது அசையாது. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் அடோமும் ரூய் ஹாய் லியூவும், கட்டுண்ட ஃபீனால்களைக் காரத்தால் அவிழ்த்து அளந்தார்கள். மக்காச்சோளத்தின் மொத்த ஃபீனாலில் 85 சதவீதமும், கோதுமையில் 76 சதவீதமும், அரிசியில் 62 சதவீதமும் கட்டுண்ட வடிவில்தான் இருந்தன. அதற்கு முந்தைய அட்டவணைகளில் தானியங்கள் பழங்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் நின்றதற்கு இது ஒரு காரணம். நாம் தின்னும்போது இந்தக் கட்டு வயிற்றில் அவிழ்வதில்லை. பெருங்குடலின் நுண்ணுயிரிகள் அவிழ்க்கின்றன. ஆக, கரைப்பானைத் தேர்ந்தெடுத்தவரே விடையின் பாதியையும் தேர்ந்தெடுத்துவிட்டார்.

சமையலும் எதிர்பாராத பக்கம் இழுக்கும். அதே கார்னெல் குழு தக்காளியை 88 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியபோது வைட்டமின் சி 29 சதவீதம் குறைந்தது. மொத்த ஆன்டி-ஆக்சிடன்ட் திறனோ 62 சதவீதம் கூடியது. சூட்டில் செல்சுவர்கள் உடைந்து, உள்ளே சிறைப்பட்டிருந்தவை வெளியே வந்தன. பச்சையாகத் தின்பதே சிறப்பு என்ற பொதுவிதிக்கு, ரசத்தில் கொதித்த தக்காளி கட்டுப்படவில்லை.

நெல்லிக்காய்க்கு வருகிறேன். நம் நாட்டில் உணவுச் சத்து அளவீட்டுக்கு நீண்ட மரபு உண்டு. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு அலகுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. அந்த நிறுவனத்தின் பழைய அட்டவணையில், சி. கோபாலன் குழுவினர் தொகுத்த புகழ்பெற்ற நூலில், 100 கிராம் நெல்லிக்காயில் வைட்டமின் சி 600 மில்லிகிராம். அதே நிறுவனம் நாடு முழுவதும் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரி எடுத்து 528 உணவுகளை அளந்து 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 252 மில்லிகிராம்.

மரமும் மண்ணும் ரகமும் வேறுபடும். அதனால் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இயல்பு. ஆனால் முறையும் மாறியிருக்கிறது. பழைய காலத்தில் வைட்டமின் சி அளக்க எங்கும் கையாண்டது ஒரு நீலச் சாயத்தை நிறம் போகும்வரை சொட்டுச் சொட்டாக வெளுக்கவைக்கும் தரம்பார்த்தல். சாயத்தை வெளுக்கவைக்கும் எதையும் அது வைட்டமின் சி கணக்கில் சேர்த்துவிடும். புதிய அட்டவணை, கூறுகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியால் அளந்தது. நெல்லிக்காயில் காலிக் அமிலமும் டானின்களும் ஏராளம். வேறு எந்தக் காயைவிடவும் நெல்லிதான் பழைய முறையை ஏமாற்ற ஏற்ற காய். ஒரு தனி வைட்டமினை அளப்பதிலேயே இத்தனை தடுமாற்றம் என்றால், ‘மொத்தத் திறன்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அளப்பதில் எவ்வளவு இருக்கும்? ஃபீனால் அளக்கப் பரவலாகக் கையாளும் ஃபோலின்-சியோகால்டியூ முறையும் இப்படித்தான். 1927இல் புரதங்களில் உள்ள டைரோசினை அளக்க வந்தது அது. 1965இல் சிங்கிள்டனும் ரோசியும் அதைத் திராட்சை மதுவுக்குப் பொருத்தினார்கள். வைட்டமின் சியையும் சில சர்க்கரைகளையும்கூட அது ஃபீனால் என்றே எண்ணும்.

நெல்லியின் மதிப்பு இதனால் குறையவில்லை. 252 மில்லிகிராம் என்பதே ஆரஞ்சைப் போலச் சில மடங்கு. நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு 3,100க்கும் மேற்பட்ட உணவுகளை ஃப்ராப் முறையில் அளந்து 2010இல் வெளியிட்ட பெரும்பட்டியலில், உலர்ந்த நெல்லி 100 கிராமுக்கு 261.5 மில்லிமோல் என்று உச்சிக்கு அருகில் நிற்கிறது. மசாலாக்களில் கிராம்புப் பொடிக்குச் சராசரி 277. ஆனால் ‘உலர்ந்த’ என்ற சொல்லைக் கவனியுங்கள். நீரை வெளியேற்றினால் எதுவும் அடர்ந்துவிடும். 100 கிராம் கிராம்பை ஒருவரும் தின்பதில்லை. பிரியாணிச் சட்டிக்கே நாலைந்துதான் போடுகிறோம். உலர்ந்த பொடியையும் பச்சைக் காயையும் ஒரே பத்தியில் அடுக்கி ஒப்பிடும் விளம்பரங்கள் அத்தனையும் இந்தச் சொல்லை விழுங்கிவிட்டே பேசுகின்றன.

அதே நார்வேயில் 2004இல் வந்த இன்னோர் ஆய்வு, மக்கள் அன்றாடம் உண்பதன் வழியே எவ்வளவு ஆன்டி-ஆக்சிடன்ட் உள்ளே போகிறது என்று கணக்கிட்டது. நாளொன்றுக்குச் சுமார் 17 மில்லிமோல். அதில் 11.1 காபியிலிருந்து. பழங்களிலிருந்து 1.8. காய்கறிகளிலிருந்து வெறும் 0.4. இந்த எண்களில் பிழை இல்லை. காபிக் கொட்டையில் ஃபீனால்கள் மிகுதி, நார்வேக்காரர்கள் காபிப் பிரியர்கள். ஆனால் இந்த அளவுகோலை ஆரோக்கியத்தின் அளவுகோலாகக் கொண்டால், கீரையை ஒதுக்கிவிட்டு இன்னொரு டம்ளர் காபி குடிப்பதே சரி என்று முடியும். எந்த ஊட்டச்சத்து அறிஞரும் அப்படிச் சொல்லமாட்டார்.

அமெரிக்க வேளாண்மைத் துறை இதை நடைமுறையில் கற்றுக்கொண்டது. 2007இல் 277 உணவுகளின் ஓராக் மதிப்புகளை அட்டவணையாக வெளியிட்டது; 2010இல் அதை 326 ஆக விரித்தது. ஆராய்ச்சியாளர்களுக்கான தரவு அது. சில ஆண்டுகளில் பழச்சாறு, மாத்திரை, பொடி விற்பவர்கள் அதைப் போட்டிப் பட்டியலாக்கிவிட்டார்கள். 2012இல் துறை அட்டவணையைத் தன் தளத்திலிருந்தே நீக்கியது. ஓராக் மதிப்பு உடலில் நிகழும் விளைவைக் காட்டுகிறது என்பதற்குச் சான்று இல்லை. நிறுவனங்கள் அதைத் தவறாகப் பயன்படுத்துகின்றன — இவைதாம் சொன்ன காரணங்கள். தான் உழைத்துத் தொகுத்த தரவை ஓர் அரசுத் துறை இப்படித் தானே திரும்பப் பெறுவது அரிது. அது நேர்மையான செயல் என்பது என் கருத்து.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் லோட்டிட்டோவும் பால்ஸ் ஃப்ரையும் செய்த ஆப்பிள் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு ஐந்து ஆப்பிள் தின்னக் கொடுத்து ரத்தத்தை ஃப்ராப்பில் அளந்தார்கள். திறன் ஏறியது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே நிறுத்தி, ஆப்பிளின் பாலிஃபீனால்கள் ரத்தத்தில் வேலை செய்கின்றன என்று எழுதியிருப்பார்கள். இவர்கள் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்து மறுபடி அளந்தார்கள். ஏறியது காணாமல் போனது. ஆப்பிளில் உள்ள அளவு ஃபிரக்டோஸ் சர்க்கரையை மட்டும் கரைத்துக் கொடுத்தபோதும் அதே ஏற்றம் தெரிந்தது. ஃபிரக்டோஸைக் கல்லீரல் செரிக்கும்போது யூரிக் அமிலம் கூடுகிறது. யூரிக் அமிலம் ஃபெரிக் இரும்பை நன்றாக ஒடுக்கும். ரத்தத்தின் ஃப்ராப் மதிப்பில் பாதிக்கும் மேல் அதனுடையதுதான். கருவி உண்மையைத்தான் சொன்னது. ஆப்பிளின் பாலிஃபீனால் பற்றிச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உண்ட பாலிஃபீனால்களில் ரத்தத்துக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பங்கு. அதையும் கல்லீரல் உடனே உருமாற்றி வெளியேற்றப் பார்க்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே உள்ள வைட்டமின் சியோடும் யூரிக் அமிலத்தோடும் ஒப்பிட்டால், நேரடியாகத் தனி உறுப்புகளை அணைக்கும் அளவுக்கு அவற்றின் செறிவு போதாது. பழமும் கீரையும் நன்மை செய்வது உறுதி. அவை செய்யும் நன்மையின் வழி வேறாக இருக்கலாம்: நொதிகளைத் தூண்டுவது, குடல் நுண்ணுயிரிகளுக்கு உணவாவது, உயிரணுவின் சொந்தக் காவலைச் சற்றே உசுப்பிவிடுவது.

தனி உறுப்பு எல்லாமே எதிரி என்ற எண்ணத்துக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. ஃபின்லாந்தில் புகைப்பழக்கம் உள்ள 29,133 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா-கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரைக் கொண்ட இன்னோர் ஆய்வில், பீட்டா-கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்துக் கொடுத்தபோது அது 28 சதவீதம் அதிகம்; 1996இல், குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே அதை நிறுத்தினார்கள். கேரட் தின்பவருக்கு இந்த ஆபத்து இல்லை. கேரட்டிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, செறிவாக்கி, மாத்திரையாக்கிக் கொடுத்ததில் வந்த ஆபத்து இது.

அப்படியானால் இந்த அளவீடுகள் எதற்கு உதவும்? ஆன்டி-ஆக்சிடன்ட் என்ற கருத்து பிறந்த இடத்தைப் பார்த்தால் விடை இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் பிரான்சின் சார்ல் மூரேவும் சார்ல் துஃப்ரெஸும், ஆக்சிஜன் பட்டுக் கெட்டுப்போகும் பொருள்களைச் சிறிதளவு ஃபீனால்கள் காப்பாற்றுவதைக் கண்டார்கள். ரப்பர் வெடிக்காமல் இருக்கவும், கொழுப்பு காறிப்போகாமல் இருக்கவும் அந்த அறிவு பயன்பட்டது. காக்கப்படும் பொருள் எது, எதிலிருந்து காக்க வேண்டும் என்ற இரண்டும் அங்கே தெளிவு.

நல்லெண்ணெய் இதற்கு நம் வீட்டு உதாரணம். அதன் கொழுப்பமிலங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுறாதவை. கணக்குப்படி அது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்க வேண்டும். ஆனால் ஊறுகாய் ஜாடியில் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. எள்ளில் உள்ள செசமோலின் போன்ற லிக்னான்களும், சூட்டில் அவற்றிலிருந்து பிறக்கும் செசமாலும் எண்ணெய்க்குள்ளேயே இருந்து காவல் காக்கின்றன. இதை அளக்க ஊதாக் கரைசல் தேவையில்லை. எண்ணெயையே 110 டிகிரிக்குச் சூடாக்கி, காற்றைச் செலுத்தி, கெடத் தொடங்க எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறது. இங்கே கேள்வியும் விடையும் ஒரே பொருளைப் பற்றியவை.

அதேபோல, ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில், ஒரே முறையில் இரண்டு கேழ்வரகு ரகங்களை ஒப்பிடலாம். முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்துவதா வெயிலிலா என்று தீர்மானிக்கலாம். தீட்டிய அரிசி எதை இழந்தது என்று காட்டலாம். இவை பயனுள்ள, விடை காணக்கூடிய கேள்விகள், மலிவான டி.பி.பி.எச். இவற்றுக்குப் போதும், உடன் இன்னொரு முறையையும் வைத்துச் சரிபார்த்தால்.

ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கும் அவர்களின் வழிகாட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இது. எந்த ஊர் மரத்து நெல்லி, பறித்து எத்தனை மணி நேரத்தில் அளந்தது, எந்தக் கரைப்பான், பச்சை எடையா உலர் எடையா, சாற்றின் சொந்த நிறத்தைக் கழித்தீர்களா — ஐந்தையும் எழுதுங்கள். ‘இதனால் இது புற்றுநோயைத் தடுக்கும்’ என்று முடிவுரையில் வரும் அந்த வரியை அடித்துவிடுங்கள்.